எந்த மொழியில் கேட்டார்கள் என்பதும் முக்கியம்: ஹிஸ்பானிக் மாணவர்களும் ஆளுமை வகைகளும்

‘அறிமுகம் இல்லாதவர்களிடம் எளிதாகப் பேசிவிடுவேன்.’ ஆளுமை வினாத்தாள்களில் இப்படி ஒரு வரி கட்டாயம் இருக்கும். பக்கத்தில் 5 கட்டங்கள், ‘துளியும் பொருந்தாது’ என்பதில் தொடங்கி ‘முழுக்கப் பொருந்தும்’ என்பது வரை. டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய ஊர் ஒன்றில் 10ஆம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும், வங்கி கவுண்டரிலும், வீட்டு உரிமையாளரிடமும் அம்மாவுக்காகப் பேசுவது இவள்தான். 9 வயதிலிருந்து இந்த வேலையைச் செய்கிறாள். அதே பெண் வகுப்பறையில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வாய் திறப்பாள். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் முந்திக்கொண்டு பேசக்கூடாது என்று சொல்லித்தான் வீட்டில் வளர்த்திருக்கிறார்கள். இவள் எந்தக் கட்டத்தில் புள்ளி வைப்பாள்?

கொஞ்சம் தயங்கி 2ஆம் கட்டத்தில் வைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். இதே போல இன்னும் 60, 70 வரிகள். எல்லாவற்றையும் கூட்டினால் ‘உள்முக வகை’, அதாவது கலகலப்பு குறைந்து தனக்குள் ஒதுங்கியிருப்பவர், என்று ஒரு சொல் வந்து விழும். மாணவர்களுக்குப் படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலரின் கோப்பில் அந்தச் சொல் ஏறும். இரண்டு வருடம் கழித்து, வக்கீலுக்குப் படிக்கலாமா, அலுவலக வேலைக்குப் போகலாமா என்று அவளோடு பேசும்போது அந்தச் சொல்லும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பிள்ளைகளின் ஆளுமையை அளக்க முடியும்; பொறுமையாக, நன்றாக அளந்தவர்கள் இருக்கிறார்கள். அளந்ததை வகை வகையாக வெட்டிப் பெயர் ஒட்டும்போதுதான் நஷ்டம் வருகிறது. இரண்டு மொழிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைக்கு அந்த நஷ்டம் மற்றவர்களைவிட அதிகம்.

‘ஹிஸ்பானிக்’ என்ற சொல்லையே முதலில் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்பானிஷ் பேசும் நாடுகளை வேராகக் கொண்டவர்களைக் குறிக்க, 1977ல் அமெரிக்க மத்திய அரசு தன் புள்ளிவிவரங்களுக்காக வகுத்த பிரிவு அது. 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எல்லோரிடமும் கேட்கப்பட்டது. 2020 கணக்கெடுப்பில் இந்தப் பிரிவில் வந்தவர்கள் 6.21 கோடி பேர். நாட்டின் பொதுப் பள்ளிகளில் நான்கில் ஒரு மாணவருக்கு மேல் இவர்கள்தான்; கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் பாதிக்கும் மேல். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இது ஒரே ஆட்கள் இல்லை. மயாமியில் மூன்றாம் தலைமுறைக் கியூபப் பையன் இருக்கிறான், அவனுக்கு ஸ்பானிஷ் பாட்டியோடு பேசும் மொழி மட்டும். எல் சால்வடாரிலிருந்து 14 வயதில் வந்து சேர்ந்த பெண் இருக்கிறாள். 1848ல் அமெரிக்க-மெக்சிகோ எல்லைக்கோடு இடம் மாறியதற்கு முன்பிருந்தே நியூ மெக்சிகோவில் வாழும் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மெக்சிகோவின் வஹாக்கா பகுதியிலிருந்து வந்து, வீட்டில் மிஸ்டெக் மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. ‘ஹிஸ்பானிக் மாணவர்களின் ஆளுமை’ என்று ஒரு சராசரி எண்ணைக் காட்டினால், முதலில் கேட்க வேண்டியது இவர்களில் யாரைக் கேட்டீர்கள் என்பதுதான்.

சரி, வகை என்ற யோசனை எங்கிருந்து வந்தது? உளவியலில் இதன் புகழ்பெற்ற தொடக்கம் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங் 1921ல் எழுதிய உளவியல் வகைகள் பற்றிய நூல். அதைப் படித்த அமெரிக்கத் தாயும் மகளுமான கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் இருவரும் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். அதுதான் இன்று உலகமே அறிந்த எம்பிடிஐ. உள்முகமா புறமுகமா என்பது போல 4 ஜோடிகள், ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்தால் மொத்தம் 16 வகைகள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இதே வழியில் வந்த கருவிகளும் உண்டு. தாமஸ் ஓக்லாந்தும் அவரோடு சேர்ந்தவர்களும் 1996ல் வெளியிட்ட வினாத்தாள் 8 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கானது. 69 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடைகள்.

வகை பிரிப்பதில் உள்ள சிக்கல் நமக்கெல்லாம் பழக்கமானதுதான். 35 மார்க் எடுத்தால் பாஸ். 34 எடுத்தவனும் 36 எடுத்தவனும் படிப்பில் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒருவன் பாஸ், ஒருவன் ஃபெயில். 36 எடுத்தவனும் 98 எடுத்தவனும் ஒரே பட்டியலில். ஆளுமை மதிப்பெண்ணிலும் இதுவே நடக்கிறது. கலகலப்பு என்ற குணத்தை எடுத்தால் பெரும்பாலான மனிதர்கள் நடுவில்தான் குவிந்திருக்கிறார்கள். இரண்டு ஓரங்களிலும் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். கோட்டை நட்டநடுவில் போட்டால், கூட்டம் அதிகமாக இருக்கும் இடத்திலேயே வெட்டுகிறோம் என்று பொருள். அன்றைக்கு மனநிலை கொஞ்சம் மாறினாலும், ஒரு கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி புரிந்தாலும் போதும், பிள்ளை கோட்டின் அந்தப் பக்கம் போய் விழுவான். சில வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்தால் கணிசமான பேருக்கு வேறு வகை வருவது இதனால்தான்.

இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஹிஸ்பானிக் மாணவர்கள் விஷயத்தில் இன்னொன்று சேர்கிறது. குணத்தோடு சம்பந்தமே இல்லாத காரணங்களால் அவர்களின் மதிப்பெண் ஒன்றிரண்டு புள்ளி நகர்கிறது. அப்படி நகர்த்துவது எது என்பதை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒன்று, கட்டத்தில் புள்ளி வைக்கும் பழக்கம். ஹாரி ட்ரையாண்டிஸும் ஹாரி ஹுயியும் 1989ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த இளைஞர்களில் ஹிஸ்பானிக் இளைஞர்கள் 5 கட்ட அளவுகோலில் மற்றவர்களைவிட அதிகமாக 1ஐயும் 5ஐயும் தேர்ந்தெடுத்தார்கள். அதே கேள்விகளுக்கு 10 கட்டங்களைக் கொடுத்தபோது அந்த வேறுபாடு காணாமல் போனது. மனிதர்கள் மாறவில்லை, காகிதத்தில் கட்டங்களின் எண்ணிக்கைதான் மாறியது. 1992ல் ஜெரார்டோ மரினும் அவருடைய குழுவினரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஹிஸ்பானிக் மக்களிடம் ஓரத்துக் கட்டங்களைத் தேர்வதும், கேட்டதற்கெல்லாம் ஆமாம் போடுவதும் அதிகம், அமெரிக்க வாழ்க்கைக்குப் பழகப் பழக அது குறைகிறது. உறுதியாக ஒரு கருத்தைச் சொல்வது நேர்மை என்று ஒரு வீட்டில் கற்றுக்கொடுக்கிறார்கள். நடுவில் நிற்பது நிதானம் என்று இன்னொரு வீட்டில் கற்றுக்கொடுக்கிறார்கள். வினாத்தாள் இரண்டையும் குணம் என்றே எண்ணிக்கொள்கிறது.

அப்புறம் மொழி. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தத் துறையின் மிக அழகான ஆய்வுகள் இங்கேதான் இருக்கின்றன. வெரோனிகா பெனெட்-மார்ட்டினெஸும் ஆலிவர் ஜானும் 1998ல் ‘ஐந்து பெருங்குணங்கள்’ வினாத்தாளின் ஸ்பானிஷ் வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். புறமுகத் தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, மனப்பதற்றம், புதியதை ஏற்கும் தன்மை ஆகிய ஐந்தும் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி கூட்டுச் சேர்கின்றனவா என்று பார்த்தார்கள். இரண்டு மொழியும் அறிந்தவர்களையும் எடுத்துக்கொண்டு சோதித்தார்கள். ஐந்தும் நன்றாகவே வந்தன. இது பெரிய நல்ல செய்தி. அளவுகோலின் எலும்புக்கூடு இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

ஆனால் 2006ல் நைரான் ராமிரெஸ்-எஸ்பார்சாவும் கூட்டாளிகளும் வேறு ஒன்றைக் கேட்டார்கள். ஒரே ஆளிடம் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் கேட்டால் ஒரே மதிப்பெண் வருமா? வரவில்லை. இரு மொழி பேசுபவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னபோது ஸ்பானிஷில் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகக் கலகலப்பாகவும், அதிக இணக்கமாகவும், அதிகப் பொறுப்போடும் தங்களைக் காட்டினார்கள். பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு இந்தச் சின்ன நகர்வு போதும். காலையில் ஆங்கிலத்தாளில் புறமுக வகை, மாலையில் ஸ்பானிஷ் தாளில் உள்முக வகை. பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆங்கிலம் அவளுக்குப் பள்ளியின் மொழி, வேலையின் மொழி; கேள்வி ஆங்கிலத்தில் வரும்போது பள்ளியில் இருக்கும் அவள்தான் பதில் சொல்கிறாள். ஸ்பானிஷில் வரும்போது சமையலறையில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அவள் பதில் சொல்கிறாள். ஸ்பானிஷிலும் நம் நீ, நீங்கள் போல ‘தூ’, ‘உஸ்தெத்’ என்று இரண்டு உண்டு. மொழிபெயர்ப்பவர் எதைப் போட்டார் என்பதைப் பொறுத்துக் கேட்பது தோழியா, தலைமையாசிரியரா என்பதே மாறிவிடும்.

இணக்கம் விஷயம் இன்னும் ஆழமானது. 1984ல் ட்ரையாண்டிஸும் மரினும் இன்னும் இருவரும் சேர்ந்து ‘சிம்பத்தியா’ என்ற ஸ்பானிஷ் சொல்லை ஆய்வுக்குள் கொண்டுவந்தார்கள். மற்றவர் மனம் நோகாமல், முகம் சுளிக்காமல், சேர்ந்து இருக்கும் நேரம் இனிமையாகப் போகும்படி நடந்துகொள்வது என்று விளக்கலாம். இவ்வளவு மதிக்கப்படும் குணம் என்றால் வினாத்தாளிலும் இணக்கம் எகிற வேண்டும் இல்லையா? மெக்சிகர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும்போது அமெரிக்கர்களைவிடக் குறைவாகவே போட்டுக்கொண்டார்கள். மற்றவர்களோடு பழகும் தன்மையிலும் இதே போன்ற புதிர் இருந்தது; அதை அவிழ்க்க ராமிரெஸ்-எஸ்பார்சா குழுவினர் வினாத்தாளைவிட்டு வெளியே வந்தார்கள். மாணவர்கள் உடலில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை மாட்டி, அன்றாட வாழ்க்கையின் ஒலித் துணுக்குகளை அவ்வப்போது பதிய வைத்தார்கள். 2009ல் வந்த அந்த ஆய்வில், தங்களைக் குறைவாகப் பழகுபவர்கள் என்று சொன்ன மெக்சிக மாணவர்கள் நடைமுறையில் அமெரிக்க மாணவர்களைவிட அதிகமாக ஆட்களோடு கூடியிருந்தார்கள், அதிகமாகப் பேசினார்கள். எல்லோரும் கூடிப் பேசும் ஊரில் இருப்பவன் தன்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்? பக்கத்தில் இருப்பவரோடுதான். அத்தனை பேர் கலகலப்பாக இருக்கும் இடத்தில் ‘நான் அப்படியொன்றும் கலகலப்பானவன் இல்லை’ என்றுதான் தோன்றும். போதாததற்கு, தன்னைத் தானே உயர்த்திச் சொல்வது சிம்பத்தியாவுக்கே ஒத்துவராது. இந்த ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. ஆனால் ஹைஸ்கூலில் வினாத்தாளை மட்டும் நம்பி வகை சொல்லும் எவரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வேலையில் இறங்கக்கூடாது என்பேன்.

இதெல்லாம் தெரிந்தால் ஓக்லாந்து வினாத்தாளைப் பற்றிய முடிவுகளையும் நிதானமாகப் படிக்கலாம். வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானிக் என்று மூன்று குழு மாணவர்களிடம் அதைச் சோதித்து, கட்டமைப்பு, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று கூடும் விதம், மூன்று குழுக்களிலும் ஒத்துப்போகிறது என்று அறிவித்தார்கள். அது உண்மையான, பயனுள்ள முடிவு. ஆனால் கட்டமைப்பு ஒத்துப்போவது முதல் படி மட்டும். இரண்டு கடைகளில் இரண்டு தராசு இருக்கிறது. இரண்டிலும் கூடுதல் எடை வைத்தால் முள் கூடுதலாக நகர்கிறது, அதுவரை சரி. ஆனால் ஒன்றில் வெறும் தட்டிலேயே முள் 200 கிராமில் நிற்கிறது என்றால், இந்தக் கடைத் தக்காளியையும் அந்தக் கடைத் தக்காளியையும் எப்படி ஒப்பிடுவது? அளவியலாளர்கள் இதைத் தனித்தனிப் படிகளாகச் சோதிக்கிறார்கள்: கேள்விகள் ஒரே மாதிரி கூடுகின்றனவா, ஒரே வேகத்தில் ஏறுகின்றனவா, ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றனவா. மூன்றாவது படியைத் தாண்டாமல் ‘ஹிஸ்பானிக் மாணவர்களில் இந்த வகை அதிகம்’ என்று எழுதினால் அதற்கு அர்த்தம் கிடையாது. வகைகளின் விழுக்காடுகளை அட்டவணை போட்டுக் காட்டும் ஆய்வுகளைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த மூன்றாவது படியைத்தான்.

ஏன் இவ்வளவு கவலை என்று கேட்கலாம். அமெரிக்கப் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளை அளந்த வரலாறு கசப்பானது. நியூ மெக்சிகோவில் பிறந்து டெக்சாஸில் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் சாஞ்செஸ் 1934லேயே எச்சரித்தார்: ஸ்பானிஷ் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நுண்ணறிவுச் சோதனை வைத்துவிட்டு, வரும் மதிப்பெண்ணை அறிவு என்று சொல்லாதீர்கள் என்றார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 36 வருடம் கழித்து, 1970ல், கலிபோர்னியாவில் டயானா வழக்கு வந்தது. சோலெடாட் ஊரைச் சேர்ந்த 9 மெக்சிக-அமெரிக்கக் குழந்தைகளை, ஆங்கிலத்தில் வைத்த சோதனையின் பேரில் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போட்டிருந்தார்கள். ஸ்பானிஷிலும் பேசி மறுபடி சோதித்தபோது அவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரியவர்களே இல்லை என்று தெரிந்தது. அதன் பிறகுதான் பிள்ளையின் முதல் மொழியில் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாடு அந்த மாநிலத்தில் வந்தது. அந்த 9 குழந்தைகள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1968 மார்ச்சில், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்ட், ரூஸ்வெல்ட், லிங்கன் உள்ளிட்ட ஹைஸ்கூல்களிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். அவர்களுடைய குறைகளில் ஒன்று, தங்களைக் கல்லூரிக்குத் தயார் செய்யாமல் கைத்தொழில் வகுப்புகளுக்கே தள்ளுகிறார்கள் என்பது. இன்றைய ஆளுமை வினாத்தாள்கள் அப்படித் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஆனாலும் கவுன்சிலரின் மேசை அதே மேசைதான்.

அந்த மேசையில் இன்று அதிகம் புழங்குவது யுங் வழி வந்த வகைகளைவிட அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்டின் 6 வகைகள். 1959ல் அவர் முன்வைத்த கோட்பாட்டிலிருந்து வந்தவை: கைவேலை, ஆராய்ச்சி, கலை, மக்கள் சேவை, வியாபாரத் துணிச்சல், ஒழுங்குமுறை வேலை. இவை தொழில் ஆர்வங்கள்தான் என்றாலும், ஹாலண்ட் இவற்றை ஆளுமை வகைகளாகவே பார்த்தார். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 60 கேள்வி வினாத்தாள் இதே அடிப்படையில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஸ்பானிஷிலும் உண்டு. 1998ல் சூசன் டேயும் ஜேம்ஸ் ரவுண்ட்ஸும் கல்லூரிக்குப் போகத் தயாராகும் பல்லாயிரம் மாணவர்களின் தரவுகளை எடுத்துப் பார்த்து, ஆர்வங்களின் வரைபடம் மெக்சிக-அமெரிக்கர் உட்பட எல்லா இனக்குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று காட்டினார்கள்.

இதை நான் நம்புகிறேன். ஆனால் வரைபடம் ஒன்று என்பதால் எல்லோரும் அதே ஊர்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று ஆகாது. ‘ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வது பிடிக்குமா’ என்று கேட்டால், ஆய்வுக்கூடத்தையே பார்க்காத பையன் என்ன சொல்வான்? அப்பா கூரை போடும் வேலைக்குப் போகிறார், விடுமுறையில் இவனும் கூடப் போகிறான். ‘கருவிகளைக் கொண்டு எதையாவது கட்டுவது’ என்ற கேள்விக்குப் பட்டென்று ஆமாம் என்பான். கைவேலை வகை என்று வரும். அவனிடம் இருக்கும் அனுபவத்தை வினாத்தாள் சரியாகவே படித்துவிட்டது. இல்லாத வாய்ப்பைத்தான் அது ‘விருப்பமில்லை’ என்று படித்துவிட்டது. நல்ல கவுன்சிலர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, எந்தக் கேள்விகளுக்கு ‘தெரியவில்லை’ என்ற நடுக்கட்டத்தைப் போட்டான் என்று பார்ப்பார். அங்கிருந்துதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

கடைசியாக, நன்றாக அளந்தவர்களின் கதை. 1996ல் ரிச்சர்ட் ராபின்ஸும் கூட்டாளிகளும் பிட்ஸ்பர்க்கின் 12, 13 வயதுப் பையன்களை ஆராய்ந்து மூன்று ஆளுமை வகைகளைக் கண்டார்கள்: எதையும் தாங்கி மீள்பவர்கள், தங்களை அதிகமாக அடக்கிக்கொள்பவர்கள், அடக்கம் குறைந்தவர்கள். வகை ஆய்வில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வேலை அது. அதே ராபின்ஸ் அதற்குப் பத்து வருடம் கழித்துக் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ, வுட்லண்ட் பகுதிகளில் 674 மெக்சிக வம்சாவளிக் குடும்பங்களோடு ஒரு நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். பிள்ளைகள் அப்போது 5ஆம் வகுப்பு, 10 வயது. ஆய்வாளர்கள் வீட்டுக்கே போனார்கள். ஸ்பானிஷா ஆங்கிலமா என்பதை ஒவ்வொருவரும் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். பிள்ளை மட்டும் பதில் சொல்லவில்லை, பெற்றோரும் சொன்னார்கள். ஒரு தடவையோடு விடாமல் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போனார்கள்.

அந்தத் தரவிலிருந்து ஒலிவியா ஆதர்டனும் ராபின்ஸும் மற்றவர்களும் சுயக்கட்டுப்பாடு என்ற குணத்தை 10 வயதிலிருந்து 19 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். கோடு நேராகப் போகவில்லை. சிறு வயதில் மேலே இருந்து, பதின்வயதின் நடுவில் இறங்கி, பிறகு மறுபடி ஏறியது. பெற்றோரின் கடுமை, வன்முறை மிகுந்த பள்ளியும் அக்கம்பக்கமும், இனத்தின் பேரில் காட்டப்பட்ட பாகுபாடு ஆகியவற்றை அதிகம் அனுபவித்த பிள்ளைகளிடம் அந்தக் குணம் தொடக்கத்திலேயே குறைவாக இருந்தது. இங்கே யாரும் ஒரு பிள்ளையை எடுத்து ‘இவன் அடக்கம் குறைந்த வகை’ என்று முத்திரை குத்தவில்லை. ஒரு குணம் எப்போது தாழ்கிறது, எது கூட இருக்கும்போது தாழ்கிறது என்று பார்த்தார்கள்.

ஹைஸ்கூலில் வகை வினாத்தாளை நீட்டுவது பெரும்பாலும் 15, 16 வயதில். கோடு இறங்கிக் கிடக்கும் பதின்வயதின் நடுப்பகுதியை ஒட்டிய காலம் அது. ரியோ கிராண்டே கரையில் அந்தப் பெண் இன்னும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறாள். அவளிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்தத் தாள் ஸ்பானிஷில் வேண்டுமா, ஆங்கிலத்தில் வேண்டுமா என்பது. அப்புறம் தாளை ஓரமாக வைத்துவிட்டு, போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அம்மாவுக்காக என்ன பேசினாய் என்று கேட்டுப் பார்க்கலாம்.